மூன்று இழுப்பு

மௌனத்தின் விலை ஆளுக்கு, நாளொன்றுக்கு, தொண்ணூறு யூரோ. படுக்கையும் காலை ரொட்டியும் அதில் அடக்கம், ஒயின் தனி. விலைமதிப்பில்லாத பொருளை விற்பதுதான் இருப்பதிலேயே சுலபம், ஏனென்றால் வாங்குகிறவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துக் கடை கிடையாது என்று காசில்தாவின் அப்பா சொல்வார். அவர் குங்குமப்பூ வியாபாரி. தும்மினால் பறந்துவிடுகிற சரக்கைக் கிராம் தராசில் வைத்துக்கொண்டு, வாங்க வருகிறவன் தும்மிவிடாமல் பார்த்துப் பார்த்தே பிழைத்த மனிதர். மகளுக்கு அந்தச் சரக்கும் மிஞ்சவில்லை. ஒந்தால்பா கிராமத்திலிருந்து முதலில் சுரங்கம் போயிற்று, அதன் பின்னால் ரயில், ரயிலின் பின்னால் இளசுகள், அவர்கள் பின்னால் பள்ளிக்கூடமும் ரொட்டிக் கடையும். எல்லாம் போனபின் ஊரில் கிடந்தது சத்தமின்மை மட்டும்தான். அவள் அதை எடுத்துத் தூசி தட்டி, சைக்கிள் மேல் ஏற்றி விற்றாள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்ட பழைய தாது ரயில் பாதை, தெருவேல் மாகாணத்து மேட்டு நிலத்தில் நாள் முழுக்க மிதித்தாலும் ஒரு மோட்டார் வண்டி எதிர்ப்படாத பாதை. நகரத்துக் காதுகள் அதற்குக் காசு கொடுத்தன.

விற்கிறவளுக்குச் சரக்கு தெரிந்திருக்க வேண்டும். அந்த மௌனத்தின் ஒவ்வொரு இழையும் காசில்தாவுக்குத் தெரியும்: கழுகு திரும்பும்போது இறக்கையில் உராயும் காற்று, வேலிக் கம்பியின் முனகல், டயருக்கடியில் சரளை நொறுங்கும் மெல்லிய மெல்லல். அதனால்தான் நவம்பர் மாதத்து அந்தப் பிற்பகலில், பாதை லேசாகச் சரியத் தொடங்கிய இடத்தில், அவளும் விருந்தாளிகள் இருவருமாக மூன்று பேரும் மிதிப்பதை நிறுத்திச் சைக்கிளை அதன் போக்கில் உருளவிட்டபோது, தன் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கூடுதலாக இருப்பதை அவள் உடனே கேட்டுவிட்டாள்.

மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் பேசும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு குரல். அவளுக்கடியில் அவளுடையது, எண்ணெய் குடித்த வெட்டுக்கிளி மாதிரி. அதற்குப் பின்னால் அம்பாரோ ஓட்டி வரும் வாடகை சைக்கிள், கொஞ்சம் மூக்கடைத்த குரல். அதற்கும் பின்னால் அம்பாரோவின் கணவன் சீமோ வலென்சியாவிலிருந்து காரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்த விலை உயர்ந்த வண்டி, பட்டுத்துணி கிழிவதுபோல ஒரே சீரான இரைச்சல்.

அதற்கும் பின்னால் இன்னொன்று. கிட்கிட்கிட், ஒரு விழுங்கல், மறுபடி கிட்கிட்கிட். உள்ளே பல் தேய்ந்துபோன ஃப்ரீவீல். நொண்டி ஆடு சரிவில் ஓடுவதுபோல.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

அந்தப் பல்லை மாற்றச் சொல்லிப் பத்து வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். "நான் வர்றது உனக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான் வச்சிருக்கேன்" என்பான் லம்பெர்தோ, அவள் கணவன். தெருமுனையில் அந்த நொண்டல் கேட்டதும் அவள் பூண்டு சூப்பை அடுப்பில் ஏற்றுவாள். அவன் ஈரக் காலுறையை நாற்காலியில் போடுவதற்குள் சூப் கொதித்திருக்கும். போன நவம்பரில், விருந்தாளி ஒருவர் வழியில் விட்டுவிட்ட பையை எடுத்து வருகிறேன் என்று மூடுபனியில் போனான். பனி விலக நான்கு நாள் ஆயிற்று. நாய்கள் வந்தன, ஹெலிகாப்டர் வந்தது, சீருடைக்காரர்கள் பள்ளத்தாக்குகளில் கயிறு கட்டி இறங்கினார்கள். ஆளும் கிடைக்கவில்லை, சைக்கிளும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு காசில்தா மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரையும்போல அவளும் தட்டு நிறையச் சாமந்தி வாங்கினாள். வைக்கக் கல்லறை இல்லாமல் சமையலறைத் தொட்டியிலேயே வைத்து, அது வாடும்வரை அதன் முன்னால் பாத்திரம் கழுவினாள். உடம்பாக வந்தாலும் சரி, எலும்பாக வந்தாலும் சரி, எப்படியாவது ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. யாரிடம் கேட்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை.

ஒரு வருஷம் கடையை மூடி வைத்திருந்தவள், இந்த நவம்பரில், பனிக்காலத்தில், திறந்தாள். அதற்குக் காரணம் கேட்ட ஒரே ஆள் எவாரிஸ்தோ மாமா. ஊரின் மதுக்கடையும் அவரே, மணியக்காரரும் அவரே, சில சமயம் ஊரே அவர்தான். அன்று காலையில் அவர் கடையில் காப்பி குடித்துக்கொண்டே சீமோ பேரத்தைத் தொடங்கினான். குளியலறை டைல்ஸ் விற்கிறவன். குண்டு முகம், ஓயாத வாய்.

"அம்மணி, ஆகஸ்ட்ல வெட்டுக்கிளி கத்தும், குருவி கத்தும், தொண்ணூறு நியாயம். நவம்பர்ல அதுவும் இல்ல. சரக்குல பாதிதானே இருக்கு? பாதி விலை போடுங்க."

"சத்தம் குறைஞ்சா மௌனம் அதிகம்னு அர்த்தம். நியாயமாப் பாத்தா நூத்திப் பத்து."

எவாரிஸ்தோ கோப்பையைத் துடைத்தபடி சிரித்தார். "யோவ் டைல்ஸு, உனக்கு இவ அப்பனைத் தெரியாது. சாவு வந்து கூப்பிட்டப்ப, போக்குவரத்துச் செலவு யாருதுன்னு கேட்ட மனுஷன்."

"சீமோ, விடு" என்றாள் அம்பாரோ. பள்ளிக்கூட ஆசிரியை, புருஷன் பேரம் பேசும்போதெல்லாம் கூரையைப் பார்க்கப் பழகியிருந்தாள். "வெக்கமா இருக்கு."

"வெக்கத்துக்குத் தள்ளுபடி உண்டான்னு கேளு."

"அறுபது" என்றாள் காசில்தா.

சீமோவே ஏமாந்துபோனான். இன்னும் கொஞ்சம் கயிறு இழுக்க ஆசைப்பட்டிருந்தான் பாவம். எவாரிஸ்தோ துடைப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் யாரும் இத்தனை சீக்கிரம் இறங்கியதில்லை.

"மத்தியானத்துக்கு மேல பனி இறங்கும், புள்ள."

"இறங்கட்டும், மாமா."

இறங்கிற்று. முதலில் தூரத்து மலைமுகடு இல்லாமல் போனது, பிறகு அதற்கு இந்தப் பக்கத்துப் பாதாம் மரங்கள், பிறகு ஆடு அடைக்கிற கல் பட்டியின் சுவர், ஒவ்வொன்றாக, கடை கட்டுகிறவன் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்துவதுபோல. ஈர ரோஸ்மேரியின் வாசம் தரையோடு படிந்து, அதற்குள் பழைய ஆட்டுப் புழுக்கையின் வாசமும், எங்கிருந்தோ ஓக் விறகுப் புகையும் நுழைந்து, மூச்சு விடும்போது வெளியே போவது தன் ஆவியா உள்ளே வருவது பனியா என்று தெரியாத அளவுக்கு எல்லாம் ஒரே நிறமாகி, கடைசியில் அவளுடைய கைப்பிடியும் அதைப் பிடித்த இரண்டு கையுறைகளும் முன் சக்கரமும் மட்டும் உலகத்தில் மிச்சமிருந்தன. வெள்ளைக்குள்ளிருந்து ஃப்ரீவீல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. நொண்டல்.

காதின் கோளாறு என்று சொல்லிப் பார்த்தாள். பனி சத்தத்தை மடித்துத் திருப்பித் தரும், எதிரொலி. ஆனால் எதிரொலி கடன் வாங்கியதைத்தானே திருப்பித் தரும்? இல்லாத நொண்டலை அது எங்கிருந்து கொண்டுவந்தது?

பாதை மேடேறியது. மூன்று பேரும் மிதித்தார்கள், ஃப்ரீவீல்கள் வாயடைத்தன. அம்பாரோ வேகம் கூட்டி அவள் பக்கத்தில் வந்தாள். கம்பளித் தொப்பியைக் காது மூடும்படி இழுத்துவிட்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். பின்னாடி வர்றவரு உங்க ஆளுதானே?"

காசில்தா பாதையையே பார்த்து மிதித்தாள்.

"இல்ல, கடைசியா ஒருத்தர் காவலுக்கு வருவாங்கன்னு உங்க விளம்பரத்துல போட்டிருந்துச்சு. நல்ல மனுஷன். விளக்கு இல்லாம வர்றாரு, என்னோடதைத் தரவான்னு கேட்டேன். வழி தெரியும்னு தலையாட்டுனாரு. ரொம்ப நனைஞ்சிருக்காரு, அதான்."

"மழையே இல்லையே" என்றாள் காசில்தா. தன் குரல் சாதாரணமாக இருப்பதைக் கேட்டு அவளுக்கே பயமாயிருந்தது.

"ஆமால்ல? ஆனா சொட்டச் சொட்ட இருக்காரு."

"முகத்தைப் பாத்தீங்களா?"

"இந்தப் பனியில யாரோட முகம் தெரியுது? மஞ்சக் கோட்டு. அது தெரிஞ்சுது."

அந்த மஞ்சள் கோட்டை அவள்தான் வாங்கித் தந்தாள். பனியில் தூரத்திலிருந்து தெரியும் என்று. நெஞ்சுக்குள் எதுவோ எழுந்து நின்றது. பயம் என்று அதைச் சொல்ல முடியாது. பயத்தின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்த வேறொன்று.

அப்போதுதான் மணி கேட்டது.

தூரத்தில், பனியின் அடியில், பஞ்சுக்குள் புதைத்த இரும்பாக. டாண். டாண். டாண். ஒரு நீண்ட நிறுத்தம். மறுபடி மூன்று.

"செத்தவங்களுக்கா?" பின்னாலிருந்து சீமோ கத்தினான்.

"தொலைஞ்சவங்களுக்கு" என்றாள் காசில்தா. நின்று காலை ஊன்றினாள். அவர்களும் வந்து நின்றார்கள். நான்காவது எங்கோ பின்னால் நின்றது. "நமக்கு. பனி இறங்கினா வீட்டுக்கு வீடு முறை வச்சு அடிப்போம். ஊர்ல இருந்து எத்தனை பேர் வெளிய இருக்காங்களோ அத்தனை அடி. மூணு பேர் போனோம், மூணு. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வரணும்."

"வந்து சேந்தா மேல இருக்கவருக்கு எப்படித் தெரியும்?" அம்பாரோ கேட்டாள்.

"கோயில் முகப்புல கயித்தோட நுனி தொங்கும். உள்ள வந்தவங்க ஆளுக்கு ஒரு இழுப்பு. மேல அவரு எண்ணுவாரு. போன கணக்கும் வந்த கணக்கும் நேரானதும் மணியை நிறுத்திடுவாரு."

"நடுவுல வேற எவனாச்சும் வந்து இழுத்துட்டா?" சீமோவுக்கு எதிலும் ஓட்டை தேடும் வியாபாரக் குணம்.

"அவன் உள்ள வந்தவனாயிடுவான்."

"நான் இழுக்கிறதுக்கு முன்னாடியே கணக்கு முடிஞ்சிட்டா?"

"அப்புறம் அது வெறும் கயிறு" என்றாள் காசில்தா.

சீமோ சிரித்தான். "அம்பாரோ, கேட்டுக்கோ. முதல்ல ஓடிப்போய் இழுக்கறது நான்தான்."

மறுபடி மிதித்தார்கள். மணி முன்னால் போயிற்று, அவள் பின்னால் போனாள். அந்த மணியை அவள் அறிவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், விருந்தாளிகள் அது தூக்கத்தைக் கெடுக்கிறது, வாங்கிய மௌனத்தில் பொத்தல் விழுகிறது என்று புகார் சொன்னபோது, கோயில் கூரை ஒழுகலுக்குக் காசு தருகிறேன் என்று பேசி, முழுக் கூரையில் ஆரம்பித்துப் பாதிக் கூரையில் முடித்து, மணியின் நாக்கைக் கம்பளியால் சுற்றிக் கட்ட வைத்தது அவள்தான். நல்ல பேரம் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். போன நவம்பரில், லம்பெர்தோ வெளியே இருந்த அந்த நாளில், மணியடிக்கிற முறை அவள் வீட்டினுடையது. மேசையில் மத்ரீதிலிருந்து வந்த எட்டுப் பேர், ஆளுக்குத் தொண்ணூறு. ஏறிப்போய்க் கம்பளியை அவிழ்க்க வேண்டும். வழி தெரிந்தவன், வந்துவிடுவான், பழம் பரிமாறிவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். பழம் பரிமாறினாள். அவள் ஏறியபோது இருட்டியிருந்தது. விடிய விடிய அடித்தாள், கை தோல் உரிய. அதற்குள் கேட்கும் தூரத்தைத் தாண்டிவிட்டானோ என்னவோ. விடிந்ததும் எவாரிஸ்தோ வந்து அவள் விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். மறுநாள் கம்பளியை எடுத்துத் தன் அடுப்பில் போட்டார்.

மேடு முடிந்து பாதை சரிந்தது. ஃப்ரீவீல்கள் மீண்டும் வாயைத் திறந்தன.

நான்கு குரல். மூன்று அடி.

அவளையறியாமல் அவள் மனம் அந்தக் கழித்தலைப் போட்டது. குங்குமப்பூ வீட்டுப் பிள்ளை; கணக்கு தானாக ஓடும். மணியில் மூன்று பேருக்குத்தான் இடம். மூன்று போக ஒருவர் மிச்சம். மிச்சப்படுகிறவர் யார் என்று மணி கேட்காது.

சுரங்கப் பாதை வந்தது. மலையைக் குடைந்த கறுப்பு வாய். அதன் முன்னால் பனி வெள்ளையாகச் சுருண்டு நின்றது, உள்ளே நுழையத் தயங்குவதுபோல. வாயருகே சீமோவின் வண்டி சடசடத்து நின்றது.

"செயின் கழண்டுடுச்சு. போங்க நீங்க, ரெண்டு நிமிஷம்."

கடைசி ஆளை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. அவளே எழுதி, அவளே சட்டம்போட்டுச் சுவரில் மாட்டிய விதி.

"அந்தப் பக்கம் நிக்கிறோம்" என்றாள்.

"நில்லுங்க. என்னை விட்டுட்டு இழுத்துடாதீங்க" என்றான் சீமோ குனிந்தபடியே, கையெல்லாம் எண்ணெயாக.

உள்ளே இருட்டு குளிர்ந்த கல்லின் வாசம் அடித்தது. கூரையிலிருந்து நீர் ஒரு சொட்டு விழும், அது விழுந்த சத்தம் சுவரோடு நடந்து போய்த் திரும்பி வரும், அதற்குள் அடுத்த சொட்டு. அம்பாரோ தனக்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு முன்னால் போனாள். பாதி தூரத்தில், பின்னாலிருந்து, சுரங்கத்தின் வாயிலிருந்து, சீமோவின் குரல் கல்லில் வழுக்கி வந்து சேர்ந்தது. தெளிவாக வந்தது. பேரம் பேசாத குரல். வழியில் பார்த்த மனிதனுக்கு வழிவிடுகிற நல்ல மனிதனின் குரல்.

"வாங்க, வாங்க. எனக்கு நேரமாகும். முதல்ல நீங்க போங்க."

பிறகு நொண்டல் சுரங்கத்துக்குள் நுழைந்தது.

கிட்கிட்கிட். கிட்கிட்கிட். சுவர்கள் அதை எடுத்துப் பெருக்கின. அவள் மிதித்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். வேகமாக அல்ல. அதுதான் பயங்கரம், அவள் வேகமாக மிதிக்கவில்லை. அவன் வந்து சேரட்டும் என்று மிதித்தாள்.

வெளியே வந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் கல் சுவரை ஒட்டி ஊருக்கு இறங்கும் தடம். நேரே போனால் பழைய ரயில் பாலம். நடுவில் இரண்டு வளைவு இடிந்து, கீழே ஆற்றுப் பள்ளம். மரத் தடுப்பைப் போன குளிர்காலக் காற்று கொண்டுபோயிருந்தது. காசில்தா பிரிவில் நின்றாள். அம்பாரோ நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டாள். மணி இப்போது அருகில். டாண். டாண். டாண்.

நொண்டல் வந்தது. பனியில் பத்தடி தள்ளி நின்றது.

"செயின் மாட்டியாச்சா?" அம்பாரோ கேட்டாள்.

பதிலுக்குச் சொட்டும் சத்தம். சரளையில் தண்ணீர்.

"உதவிக்கு நிக்கலன்னு கோவம்" என்றாள் அம்பாரோ, காசில்தாவிடம் கண்ணடித்து. "இப்படித்தான், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். சாப்பாட்டைப் பாத்தா சரியாயிடும். போலாமா? கால் விறைச்சுப்போச்சு."

இது உங்கள் புருஷன் இல்லை. நாலு வார்த்தை. நாலே வார்த்தை சொல்ல வேண்டும், பிறகு நின்று காத்திருக்க வேண்டும். பனியில் மஞ்சள் ஒன்று மங்கலாகத் தெரிந்தது, சலவை செய்து வெளுத்த மஞ்சள். தோளை லேசாகச் சாய்த்து நிற்கும் நிற்பு. அந்தத் தோளில் எத்தனை ராத்திரி தலை வைத்திருக்கிறாள்.

"போலாம்" என்றாள்.

கோயில் முகப்பில் கயிறு தொங்கியது. மேலே இருட்டில் எவாரிஸ்தோ அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் கல் தூண் நடுங்கிற்று. அம்பாரோ சின்னப் பெண்ணைப்போலச் சிரித்தபடி கயிற்றை ஒருமுறை இழுத்தாள். "எங்க நெருப்பு இருக்கு?" எதிரே தன் வீட்டு ஜன்னலைக் காசில்தா காட்டினாள். அவள் ஓடினாள்.

காசில்தா இழுத்தாள். இரண்டு.

மணி நிற்கவில்லை. மூன்று அடித்தது, நிறுத்தம், மூன்று அடித்தது. இன்னும் ஒருவருக்காக.

சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம். எப்போதும் சாய்க்கிற இடத்தில்.

காலடி. ஈரமான காலடி. ஒவ்வொன்றாக.

அவள் கயிற்றின் பக்கத்தில் நின்றாள். கையெட்டும் தூரம். அதைச் சுருட்டித் தூணில் கட்டினால் போதும். அப்போது, ஊருக்கு வெளியே, மேலே, தவறான பக்கத்திலிருந்து, ஒரு குரல். "அம்பாரோ!" கொஞ்ச நேரம் கழித்து, "அம்மணி! இது எந்தப் பக்கம்?"

மணி அடித்தது. குரல் மணியை நோக்கித் திரும்பியது. நன்றாகக் கேட்டது. கொஞ்சம் நெருங்கிக்கூட வந்தது.

கயிற்றை நோக்கி ஒரு கை நீண்டது. மஞ்சள் கை. விரல்கள் ஊறி வெளுத்து, நகங்கள் சரியாக உட்காராமல். மோதிர விரலில் அவள் போட்ட மோதிரம், சதைக்குள் இறங்கி.

அவள் அரையடி விலகி நின்றாள்.

இழுப்பு.

மணி நின்றது.

மௌனம். அவளுடைய சரக்கு, முதல் தரம். அதற்குள் தூரத்தில் அந்தக் குரல், "கேக்கல! ஒரு தடவை அடிங்க!" என்றது. பிறகு தப்பான திசையில் நகர்ந்தது. ஈரக் காலடி அவளைத் தாண்டி ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் போயிற்று.

எவாரிஸ்தோ படியில் இறங்கி வந்தார், கைவிளக்கோடு, ஒற்றைக் காதில் விரலைவிட்டுக் குடைந்தபடி. "சத்தமாப் பேசு புள்ள. மணி இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. மூணு பேரும் வந்தாச்சா?"

"மூணு இழுப்பு எண்ணுனீங்களா, மாமா?"

"எண்ணுனேன்."

"அப்புறம் என்ன கேள்வி."

அவர் விளக்கைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் காதருகே குனிந்து ஒரு சொல் சொன்னால் போதும். மீண்டும் ஏறிவிடுவார், எழுபது வயதிலும் இரண்டு இரண்டு படியாக ஏறுவார். அவள் சொல்லவில்லை. "போய்ச் சாப்பிடு" என்று தோளைத் தட்டிவிட்டு அவர் போனார்.

அவள் தன் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

அடுப்பில் ஓக் விறகு நன்றாகப் பிடித்திருந்தது. அதன் முன்னால் நீண்ட பலகையில் அம்பாரோ உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன். நெருப்புக்கு அத்தனை அருகில் இருந்தும் கோட்டிலிருந்து ஆவி கிளம்பவில்லை. தண்ணீர் பலகையிலிருந்து வழிந்து, ஓடுகளின் இடுக்கு வழியாக, வாசலை நோக்கி, அவள் கால் நோக்கி வந்தது. விளக்கு நேராக அவன் முகத்தில் விழுந்தது. முகம் என்று அதில் மிஞ்சியிருந்ததில். லம்பெர்தோதான். ஒரு வருஷம் தண்ணீர் பேரம் பேசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்ட லம்பெர்தோ.

அம்பாரோ அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அதை ஒற்றினாள், மெதுவாக, கண் இருக்க வேண்டிய இடத்திலும்.

"கை எப்படிச் சில்லுன்னு இருக்கு பாரு, சீமோ" என்றாள். ஊறிய அந்த விரல்களைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். தேய்த்ததில் ஏதோ இடம் பெயர்ந்தது. அவள் கவனிக்கவில்லை.

"லம்பெர்தோ" என்றாள் காசில்தா.

அவன் தலை திரும்பியது. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரி உள்ளே வந்தால் விருந்தாளி திரும்பிப் பார்ப்பானே, அந்த மரியாதையோடு. வேறெதுவும் அதில் இல்லை. வாய் திறந்தது. தண்ணீர் வந்தது, அதன் பின்னால் குரல், பத்து வருஷம் அவளோடு சண்டை போட்ட அதே குரல்.

"கொஞ்சம் உப்பு கிடைக்குமா, அம்மணி?"

அடுத்தவன் பெயரில் வந்தவன் அடுத்தவனுக்குத்தான் சொந்தம். இத்தனை வருஷம் வாங்கி விற்றவளுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அவள் உப்பை எடுத்தாள். மேசையில் வைத்தாள். வெளியே, பாலத்தின் பக்கம், ஒரு முறை மட்டும், மரமா கல்லா என்று தெரியாத ஏதோ ஒன்று சரிந்த சத்தம். அம்பாரோ தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

போனது மூன்று பேர். வந்தது மூன்று பேர். கணக்கு நேர், பாக்கி யாருக்கும் இல்லை.